ஈக்குக் கட்டிய கறுப்புத் துணி

நான் செத்துப்போய்விட்டேன் என்று வெள்ளாயணி முழுக்க நம்பிய அந்தச் சனிக்கிழமை காலையில், நான் எங்கள் தொழுவத்துக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்து, செத்த ஈக்களை எண்ணிக்கொண்டிருந்தேன். அறுபத்தெட்டு வரைக்கும் வந்துவிட்டேன். அப்போது வேலியோரம் ஒரு ஆள் வந்து நின்றான். வெள்ளை வேட்டி, கையில் மடக்கிய குடை, முகத்தில் ஒரு சாவு வீட்டுச் சோகம்.

"பாடி எப்போ எடுக்கும்?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"யாரு பாடி?"

"பால்காரி பேச்சிடெ..."

"பால்காரி பேச்சி நான்தான்" என்று எழுந்து நின்றேன்.

குடையைப் போட்டுவிட்டு ஓடினவன்தான். இன்றுவரைக்கும் அதை வாங்க வரவில்லை. மழைக்கு அந்தக் குடையைத்தான் நான் பிடிக்கிறேன், நல்ல குடை.

முதலிலிருந்து சொன்னால்தான் இது புரியும். 1998, ஆனி மாதம். நானும் என் வீட்டுக்காரர் வேலப்பனும் ஆலங்குளத்துப் பக்கமிருந்து திருவனந்தபுரம் வந்து இருபது வருடம் ஆகியிருந்தது. அவருக்கு ஆரியசாலையில் ஒரு ஹோட்டலில் டீ மாஸ்டர் வேலை. அங்கேயே தங்கல், சனிக்கிழமை சாயங்காலம்தான் வீட்டுக்கு வருவார். நான் வெள்ளாயணிக் காயலோரம் நாலு மாடு வைத்திருந்தேன். தினம் காலை முதல் பஸ்ஸில் இரண்டு கேன் பால் ஏற்றுவேன். கண்டக்டர் ஷிஜு அதை ஹோட்டலில் இறக்கிவிடுவான். பாலோடு ஊர்க்கதையையும் சேர்த்து இறக்குவான், அவனுக்கு அது இல்லாமல் முடியாது.

நாலில் செவலைதான் மூத்தவள். மழை விட்டு வெயில் அடித்த ஒரு நாள், காய்ச்சலோடு கண்ணில் நீர் வடிய நின்றாள். மறுநாள் காலையில் நின்ற இடத்திலேயே சுற்ற ஆரம்பித்தாள். செக்கு மாடு மாதிரி சுற்று சுற்று என்று சுற்றி, சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு, மத்தியானத்துக்குள் விழுந்து போய்விட்டாள். பேய்நாய் கடித்தது என்றான் ஒருவன். கண் பட்டது என்றான் இன்னொருவன். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. எது கொன்றது என்றே தெரியாமல் ஒரு உயிரைப் பறிகொடுப்பதா?

வேலப்பன் வந்து குழி வெட்டி மூடிவிட்டு, மண்வெட்டியைக் கீழே போடும்போதே சொல்லிவிட்டார்.

"இன்னொண்ணு விழுந்துதுன்னா மூணையும் தாசையனுக்குக் குடுத்திருவேன். நீ இதுக பின்னால ஓடி ஓடிச் சாவுறத என்னால பாக்க முடியாது, பாத்துக்கோ."

தாசையன் மாட்டுத் தரகன். அவன் லாரி எங்கே போகும் என்று சுற்றுவட்டாரத்தில் எல்லாருக்கும் தெரியும். நான் என்ன செய்திருக்க வேண்டும்? வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். "குடுங்களேன், பாப்போம்" என்று வீம்புக்குச் சொல்லிவிட்டேன். இந்த நாக்கை என்ன செய்ய!

அடுத்த திங்கட்கிழமை மணி தீனி எடுக்கவில்லை.

மணி நான் பாட்டிலில் பால் ஊட்டி வளர்த்த கிடாரி. தலைச்சன் சினை, ஏழு மாதம். கழுத்து மணியை ஆட்டிக்கொண்டு என் பின்னாலேயே கக்கூஸ் வரைக்கும் வருவாள். அவள் காதைத் தொட்டால் கொதித்தது. கண்ணில் அதே நீர். ஓடிப்போய் மிருக ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர் லிபியைக் கூட்டிவந்தேன். சின்னப் பெண், வேலைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஆனால் மாட்டைத் தொடுகிற கையில் பதற்றம் கிடையாது. காது நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக்கொண்டு போனவள், செவ்வாய்க்கிழமை என்னை ஆஸ்பத்திரிக்கு வரச்சொல்லி மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னாள். ரத்தத் துளிகளுக்கு நடுவில் என்னமோ ஒன்று நெளிந்து நெளிந்து துள்ளியது.

"சேச்சி, இது பேயும் அல்ல, கண்ணும் அல்ல. ட்ரிப்பனோசோமா. இந்தத் தீனத்துக்கு சர்ரான்னு பேரு. செவலைக்கும் இதுதான் வந்திருக்கும். மாட்டு ஈ பரத்துது."

"ஈயா? தினம் தினம் அத வெரட்டிட்டுத்தான இருக்கேன் டாக்டரே! துண்ட கையிலேருந்து கீழ வைக்கவே இல்ல."

அவள் கொஞ்சம் தயங்கினாள். பிறகு சொல்லிவிட்டாள். மாட்டு ஈ குத்தினால் வலிக்கும், மாடு உதறும், நாமும் விரட்டுவோம். பாதி வயிற்றோடு எழும்புகிற ஈ பக்கத்து மாட்டில் போய் உட்கார்ந்து மீதியைக் குடிக்கும். முதல் மாட்டின் ரத்தம் அதன் வாயில் ஈரமாக இருக்கும்போதே இரண்டாவது மாட்டுக்குள் கிருமி போய்விடும்.

அப்படியென்றால் செவலை மேலிருந்த ஈயை மணி மேல் விரட்டிவிட்டது நான்தான். அங்கே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். வாழ்க்கையில் அவ்வளவு கேவலமாக நான் என்னை நினைத்ததில்லை.

"பேடிக்காதீங்க" என்றாள் லிபி. "ஊசி போடுறேன். சனிக்கிழமைக்குள்ள தீனி எடுத்தா தாயும் பிழைக்கும், கன்னும் பிழைக்கும். பட்சே ஈயை ஒழிக்கணும். இல்லேன்னா மத்த ரெண்டுக்கும் வரும்."

டாக்டர் ஜீப் எங்கள் வாசலில் நின்றதை ஷிஜு பார்த்துவிட்டான். அவ்வளவுதான், அன்றைக்கே ஆரியசாலைக்குச் சேதி போய், மறுநாள் காலி கேனோடு பதிலும் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு தாசையன் லாரியோடு வருவான் என்று வேலப்பன் சொல்லியனுப்பியிருந்தார். மனுசன் சொன்ன சொல் மாறமாட்டார். அதுதான் அவரிடம் எனக்குப் பிடித்ததும், பிடிக்காததும்.

எங்கள் பக்கத்து வீடு சத்தியநேசன் சார். பாறசாலைப் பக்கத்து ஆள். பதினெட்டு வருடம் ஆப்பிரிக்காவில் ஜாம்பியா தேசத்தில் கணக்கு வாத்தியாராக இருந்துவிட்டுத் திரும்பியவர். அவருக்கும் எனக்கும் சாணி நாற்றத்தை வைத்து நித்தம் சண்டை. பஞ்சாயத்துக்கு என் பேரில் இரண்டு பெட்டிஷன் எழுதியிருக்கிறார், இரண்டிலும் அழகான கையெழுத்து. அன்றைக்கு நான் கிணற்றடியில் நின்று ஈயையும் அதைப் படைத்தவனையும் சேர்த்துத் திட்டிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டு மதில் மேல் தலையை நீட்டினார்.

"பேச்சி, டிரிப்பனோசோமான்னா சொன்னே? அது அங்கயும் உண்டும். அங்க செட்ஸின்னு ஒரு ஈ. அது கடிச்சா மாடு மட்டுமில்ல, மனுசனும் ஒறங்கி ஒறங்கிச் சாவும்."

"இத சொல்லத்தான் ஏறி நிக்கேளா சாரே?"

"சொல்லி முடிக்க விடு. அதைப் பிடிக்க அங்க துணியில கெணி வைப்பாங்க. நீலத் துணி, கறுப்புத் துணி, மேல கொசுவலை. நீலத்தக் கண்டு ஈ வரும். கறுப்புல வந்து இருக்கும். பின்ன மேல வெளிச்சத்தப் பாத்து ஏறும், அங்க ஒரு குப்பி. தீந்துது."

டாக்டரிடம் ஓடிப்போய்க் கேட்டேன். செட்ஸி நம் நாட்டில் கிடையாது, ஆனால் மாட்டு ஈக்கும் நீலம் என்றால் ஆசைதான், நன்றாக வெயில் படுகிற இடத்தில் வைத்துப் பாருங்கள் என்றாள். எனக்கு அது போதும்.

புதன்கிழமை மத்தியானமே ஆரியசாலைக்குப் போனேன். வேலப்பன் வேலை பார்க்கிற ஹோட்டல் பக்கம் தலை வைக்கவில்லை. நேராகத் துணிக்கடை குற்றாலலிங்கம் அண்ணாச்சியிடம் போய், "நீலத்துல நாலு மீட்டர், கறுப்புல நாலு மீட்டர், ரெண்டும் சாதா பருத்தி" என்றேன்.

அண்ணாச்சி முகம் சுருங்கிவிட்டது. "யாரும்மா போனது?"

"யாரும் போகல. ஈக்கு."

"எதுக்கு?"

"ஈக்கு அண்ணாச்சி, ஈக்கு!"

அவர் நீலத்தை அளந்து கிழித்தார். கறுப்பில் நாலு மீட்டர் இல்லை என்று, ஏற்கெனவே முக்கால் முழ நீளத்துக்குத் துண்டு துண்டாக வெட்டிவைத்திருந்த ஒரு கட்டை எடுத்துப் போட்டார். "இத ஒட்டுப்போட்டுத் தச்சுக்கிடு, மிச்சம் கெடக்கும்" என்றார். அது எதற்கு வெட்டிவைத்த துணி என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. இருபது வருடம் இந்த ஊரில் இருக்கிறேன். இங்கே ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அந்த வீட்டுக்குப் போகிற வழி நெடுக, ஜங்ஷனிலிருந்து வாசல் வரைக்கும், கரண்டுக் கம்பத்திலும் மரத்திலும் கறுப்புத் துணி கட்டிவிடுவார்கள். துணியைப் பார்த்துக்கொண்டே நடந்தால் சாவு வீடு வந்துவிடும். எத்தனை சாவுக்கு நானே அப்படிப் போயிருக்கிறேன்! ஆனால் அந்த வாரம் என் மண்டைக்குள் ஈயைத் தவிர வேறு எதற்கும் இடமில்லை.

சத்தியநேசன் சார் காகிதத்தில் ஸ்கேல் வைத்துப் படம் போட்டார். அவர் சம்சாரம் ராஜபாய் அக்கா தையல் மெஷினில் தைத்தாள். சார் சொன்ன அளவில் தைத்தால் பாவாடையும் ஆகாது, கூடாரமும் ஆகாது என்று அக்கா அவரைத் துரத்திவிட்டு, தன் கணக்குக்கு வெட்டி முடித்தாள். வியாழக்கிழமை காலையில் கெணியைத் தொழுவத்துக்குப் பின்னால் காயல் பார்த்த வெட்டவெளியில் நாலு கம்பு ஊன்றிக் கட்டினோம். மணியை மற்ற மாடுகளிடமிருந்து பிரித்து, தூரமாய் முன்வாசல் பலா மரத்தடியில் கட்டி, பழைய கொசுவலையை மேலே போர்த்தினேன்.

முதல் நாள் பதினொரு ஈ. வெள்ளிக்கிழமை ஐம்பத்திமூன்று! தடித் தடியாக, பச்சைக் கண்ணோடு, குப்பிக்குள் முட்டி மோதின. அந்தச் சத்தம் எனக்குக் கச்சேரி கேட்ட மாதிரி இருந்தது. சாரும் கை தட்டினார், பெட்டிஷன் எழுதின மனுசன்!

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். என் ஆசை விடவில்லை. கறுப்பில்தானே ஈ வந்து உட்கார்கிறது? மீதிக் கறுப்புத் துண்டு இருபதுக்கு மேல் கிடக்கிறது. குங்கிலியத்தை விளக்கெண்ணெயில் போட்டுக் காய்ச்சி, பசை மாதிரி ஆனதும் துண்டுகளில் தடவினேன். உட்கார்ந்த ஈ ஒட்டிக்கொள்ளும், எழும்பாது. மாடுகள் மேய்ச்சலுக்குப் போய்வருகிற வழி பஸ் ஜங்ஷனிலிருந்து எங்கள் சந்து வழியாகத்தான். ஆகவே வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜங்ஷன் கம்பத்தில் தொடங்கி எங்கள் வாசல் வேலி வரைக்கும் வரிசையாகக் கட்டிக்கொண்டு வந்தேன். கட்டி முடித்து, இடுப்பில் கையை ஊன்றிப் பார்த்து, நம்மை மிஞ்ச ஆளில்லை என்று பெருமைகூடப் பட்டுக்கொண்டேன்.

சனிக்கிழமை விடிந்தபோது மணி படுத்துக் கிடந்தாள். தீனி எடுக்காமல் ஆறாவது நாள். கஞ்சியைக் குழாயில் ஊற்றினால் கடைவாயில் வழிந்தது. பச்சைப் புல்லை நீட்டினால் முகத்தைத் திருப்பினாள். காய்ச்சல் விட்டிருந்தது, ஆனால் வாய் திறக்கவில்லை. அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "ஒரு வாய், ஒரே ஒரு வாய் எடுத்துரு தாயி, நாளைக்கு லாரி வருது" என்று கெஞ்சிக்கொண்டிருந்ததில் பால் கறக்கவே மறந்துபோனேன். முதல் பஸ் போய்விட்டது.

பஸ்ஸில் இருந்த ஷிஜு என்ன பார்த்திருப்பான்? ஜங்ஷனில் கேன் இல்லை, நான் இல்லை. கம்பத்தில் கறுப்புத் துணி. அடுத்த கம்பத்திலும் துணி. வரிசையாகப் போய் பேச்சி வீட்டுச் சந்துக்குள் திரும்புகிறது. இறங்கி ஒரு வார்த்தை கேட்டானா? மாட்டான். கிழக்கேகோட்டை வரைக்கும் டிக்கெட் எடுத்தவர்களுக்கெல்லாம் என் சாவையும் சேர்த்துக் கொடுத்துக்கொண்டே போயிருக்கிறான்.

பால் கறந்து, மனம் ஒரு நிலையில் நில்லாமல், ஈயாவது எண்ணுவோம் என்று போய் உட்கார்ந்தபோதுதான் குடைக்காரன் வந்தான். அவன் ஓடிய பிறகு நான் வேலியைப் பார்த்தேன். கறுப்புத் துணி காற்றில் ஆடியது. "ஐயையோ!" என்று தலையில் அடித்துக்கொண்டேன். அதற்குள் வாசலில் ஆட்டோ வந்து நின்றுவிட்டது.

"பேச்சீ! அடி பேச்சீ!"

என் வீட்டுக்காரர் குரல்தான். இருபத்திமூன்று வருடத்தில் அந்தக் குரலை நான் கேட்டதில்லை. வேட்டி ஒரு பக்கம், துண்டு ஒரு பக்கம். நெஞ்சில் அடித்துக்கொண்டு சந்தில் விழுந்து எழுந்து வந்தார். பின்னால் ஹோட்டல் முதலாளி, கையில் ஒரு வண்டிச் சக்கரம் அளவுக்கு மலர்வளையம்.

"மாட்ட விக்கேன்னு சொல்லிச் சொல்லி ஒன் நெஞ்ச ஒடச்சிட்டேனே! நான்லா கொன்னுட்டேன்! ஒண்ணயும் விக்கல பேச்சி, ஒண்ணயும் விக்கல, ஏந்திரிச்சு வா!"

நான் தொழுவத்தைச் சுற்றி ஈக்குப்பியோடு முன்னால் வந்து நின்றேன். "ஏந்திரிச்சுதான இருக்கேன்" என்றேன்.

மனுசன் அப்படியே சாணியில் உட்கார்ந்துவிட்டார். என்னைப் பார்த்தார், குப்பியைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். முதலாளி மலர்வளையத்தை என்ன செய்வது என்று தெரியாமல், மெள்ளப் பலா மரத்தில் சாய்த்து வைத்துவிட்டு, அதற்கும் தனக்கும் சம்பந்தமில்லாத மாதிரி தள்ளி நின்றார்.

விஷயம் புரிந்ததும் வேலப்பனுக்கு அழுகையெல்லாம் கோபமாக மாறிவிட்டது. "ஈ பிடிக்க இழவுக்கொடியா கட்டுவ? ஒனக்குக் கூறு இருக்காட்டீ?" என்று கத்திக்கொண்டு வேலியில் கிடந்த துணியைப் பிய்க்கப் போனார். குறுக்கே போய் நின்றேன்.

"கை வைங்க பாப்போம். கை வச்சேளோ, கொண்டாந்த ரீத்து வீணாப் போகாது, சொல்லிட்டேன்! செவலையக் கொன்னது இந்த ஈதான். நான் வெரட்டி வெரட்டி மணி மேல ஏத்திவிட்ட ஈ. பாருங்க, எண்ணிப் பாருங்க, இந்தக் குப்பியில எத்தன செவல இருக்குன்னு!"

அவர் கை நின்றது. துணியில் பத்துப் பன்னிரண்டு ஈ ஒட்டிக்கொண்டு துடித்தன. ஒன்றை விரலால் நசுக்கிப் பார்த்தார். ரத்தம் வந்தது.

"பேச்சி! ஏ பேச்சி, இஞ்ச பாரு!" மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து ராஜபாய் அக்கா கூவினாள்.

திரும்பினேன். மணி எழுந்து நின்றிருந்தாள். கொசுவலை ஒரு கொம்பில் தொங்க, கழுத்தை எட்டின மட்டும் நீட்டி, மலர்வளையத்தைத் தின்றுகொண்டிருந்தாள். செவ்வந்தியும் இலையும் சேர்த்துக் கொத்தாகப் பிடுங்கி, கண்ணை மூடி அசைபோட்டாள். என் பேரும் "ஆதராஞ்சலிகள்" என்ற மலையாள எழுத்தும் போட்ட ரிப்பன் அவள் வாயில் பாதி, வெளியே பாதி ஆடியது.

நான் ஓடிப்போய் ரிப்பனையும் குண்டூசிகளையும் உருவி எடுத்துவிட்டு, அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன். செவலைக்கு அழாததையும் சேர்த்து அழுதேன். வேலப்பன் பக்கத்தில் வந்து நின்றார். கீழே சிந்திக் கிடந்த பூவை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, உள்ளங்கையில் வைத்து மணிக்கு நீட்டினார். "தின்னுட்டி, தின்னு. ஒங்க அம்மைக்கு வாங்கினது" என்றார். முதலாளி அதற்குப் பிறகுதான் ஆட்டோவை அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலப்பன் யாரும் சொல்லாமலே குங்கிலியம் காய்ச்சினார். டீ மாஸ்டர் கை, பதம் என்னைவிட நன்றாக வந்தது. வெயிலில் உலர்ந்துபோன துண்டுகளை எடுத்துவிட்டு, ஜங்ஷனிலிருந்து புதுத் துண்டாகக் கட்டிக்கொண்டே வந்தார். பார்த்தவர்கள் எல்லாரிடமும், "சாவு இல்ல, ஈ, ஈ" என்று சொல்லிச் சொல்லி அவர் தொண்டை கட்டிவிட்டது.

பத்து மணிக்குச் சந்து முனையில் லாரி நின்றது. தாசையன் இறங்கினான். கம்பத்தில் கறுப்புத் துணியைப் பார்த்தான். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, செருப்புச் சத்தம் கேட்காமல் வாசல்வரைக்கும் நடந்துவந்தான். வேலியில் கடைசித் துண்டைக் கட்டிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரிடம், "அண்ணாச்சி... ஆரு?" என்று மெள்ளக் கேட்டான்.

வேலப்பன் முடிச்சை இறுக்கிவிட்டுத் திரும்பினார்.

"இஞ்ச ஒருத்தரும் சாவல தாசையா. ஒருத்தரும் சாவப் போறதும் இல்ல. லாரியத் திருப்பு" என்றார். பிறகு என்னமோ நினைத்துக்கொண்டு, போகிறவனைக் கைதட்டிக் கூப்பிட்டார். "ஆவணியில வா. வெறுங்கையோட வா. கன்னுக்குட்டியப் பாத்துட்டு, சீம்பால் குடிச்சிட்டுப் போலாம்."